வெளிநாட்டில் பிறந்த பிள்ளையோடு ஊர் திரும்புகிறீர்களா? விமானம் ஏறும் முன் தெரிய வேண்டியவை

தூத்துக்குடியிலிருந்து ஏரல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சாயர்புரம் பழக்கமான ஊர். ஜி.யு.போப் 1840-களில் வந்து தங்கி, பள்ளிக்கூடம் நடத்திய ஊர். 1962-ல் தொடங்கிய போப் கல்லூரி இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. திருக்குறளை 1886-ல் ஆங்கிலத்தில் தந்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும்.

அவரைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. போப் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல. பிழைக்கப் போன பெற்றோருக்கு, 1820-ல், இன்றைய கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரோடு இங்கிலாந்து திரும்பினார். அங்கிருந்து 1839-ல் கப்பலேறிச் சென்னை வந்தார். ஆக, சாயர்புரத்துக்குப் பேர் வாங்கித் தந்தவரே வெளியூரில் பிறந்து, அப்பா அம்மாவின் ஊருக்குத் திரும்பிய பிள்ளைதான்.

அன்றைக்கு இரண்டு இடத்துக்கும் ஒரே அரசு. குழந்தையிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. இன்றைக்கு நிலைமை வேறு.

இந்தப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் பல காரணங்களால் திரும்புகிறார்கள். ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை, அங்கே வேலை போய்விட்டது, விசா நீட்டிப்பு கிடைக்கவில்லை, பிள்ளை தமிழ் பேசி வளரட்டும் என்ற ஆசை. "பேரன் வாரான்" என்று ஆச்சி தெருவெல்லாம் சொல்லியாச்சு. மாடி அறைக்கு ஏசி மாட்டியாச்சு. பள்ளிக்கூடமும் விசாரிச்சாச்சு. எல்லாம் சரி, பிள்ளையின் கையில் என்ன பாஸ்போர்ட் இருக்கிறது? ஊருக்கு வந்த பிறகு அவன் யாராக இருப்பான் என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி அதுதான். அதற்கான பதில் பெரும்பாலும் பிள்ளை பிறந்த முதல் ஆண்டிலேயே, பெற்றோர் கவனிக்காத நேரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

அப்பாவும் அம்மாவும் இந்தியர், பிள்ளையும் இந்தியர்தானே?

தானாக அப்படி ஆகிவிடாது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் வழியாக வரும் குடியுரிமையை, 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. அந்த விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1992 டிசம்பர் 10-க்கு முன் பிறந்தவர் என்றால், அப்பா இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அம்மா மட்டும் இந்தியர் என்பது கணக்கில் வராது. அந்தத் தேதியிலிருந்து, இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று மாற்றினார்கள்.

2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. பிள்ளை பிறந்த ஓர் ஆண்டுக்குள் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதியோடுதான் பதிய முடியும். பதியும்போது, "இந்தப் பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை" என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மருத்துவமனையில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக அலமாரியில் இருக்கும். தூதரகத்தில் பதிந்திருக்க மாட்டார்கள். "சான்றிதழ்தான் இருக்கே" என்று நினைத்துவிடுவார்கள். அது அந்த நாடு கொடுத்த சான்றிதழ். இந்தியாவின் ஏட்டில் பிள்ளை இன்னும் ஏறவில்லை.

எந்த நாட்டில் பிறந்தால் எந்தக் குடியுரிமை?

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு, அங்கே பிறந்ததால் மட்டும் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. சிங்கப்பூரிலும் அப்படித்தான். பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். எனவே துபாயிலோ தம்மாமிலோ பிறந்த பிள்ளைக்கு வழி ஒன்றுதான்: தூதரகப் பதிவு, இந்தியப் பாஸ்போர்ட். இதில் குழப்பம் குறைவு. ஆனால் பதிவைத் தள்ளிப்போட்டால், பிள்ளைக்கு எந்த நாட்டுத் தாளும் இல்லாத நிலை வந்துவிடும். அவசரமாக ஊர் திரும்ப வேண்டிய நாளில்தான் அதன் வலி தெரியும்.

பிரிட்டனில் 1983 ஜனவரி 1-க்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளை இந்தியப் பிள்ளைதான். ஆஸ்திரேலியாவும் 1986 ஆகஸ்ட் முதல் ஏறக்குறைய இதே வழியில் போகிறது.

கனடாவும் அமெரிக்காவும் வேறு மாதிரி. அந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்பது அங்குள்ள நெடுங்கால விதி. விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இதை நிறுத்துவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் உத்தரவிட்டார். அதை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டு, நீதிமன்றங்கள் தடை விதித்தன. இப்போது அங்கே குழந்தை பெறுகிறவர்கள் இந்த வழக்குகளின் போக்கைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு அந்நாட்டுப் பாஸ்போர்ட் எடுக்காமல், தூதரகத்தில் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி, அதன் குடிமகன் அந்நாட்டை விட்டு வெளியேறவும் உள்ளே வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால்தான் பெரும்பாலான பெற்றோர் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு தூதரகத்தில் இந்தியராகப் பதிய முடியாது.

இந்தியராகப் பதிந்த பிள்ளை, பிறந்த மண்ணின் உரிமையால் வேறு நாட்டுக் குடிமகனாகவும் இருந்தால், 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அந்தக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிளஸ் 2 முடித்துக் கல்லூரி தேடி அலைகிற மாதங்கள் அவை. நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாச்சு. அடுத்து என்ன?

அடுத்து ஓசிஐ அட்டை. 2005-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2006 ஜனவரியில் முதல் அட்டைகளை வழங்கினார்கள். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும் பிள்ளைக்கு இதை வாங்கலாம். பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை தொடர்புடையவர்களுக்கு மட்டும் இடமில்லை.

ஓசிஐ இருந்தால் வாழ்நாள் முழுக்க விசா வேண்டாம். எத்தனை ஆண்டு தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டாம். அந்த அட்டை இல்லாமல் சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கூட்டிவந்து, "இங்கே வந்து பார்த்துக்கலாம்" என்று விட்டால், விசா முடியும் தேதி தலைக்கு மேல் தொங்கும். அங்கிருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. ஊருக்கு வந்த பிறகு விண்ணப்பித்தால், சென்னையிலுள்ள வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம் வழியாகப் போக வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் அடிக்கடி மாறும். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே என்றால் ஐந்தே ஆண்டுதான். 20 வயது வரை ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும், புதியதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 20 தாண்டிப் புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு முறை அட்டையையே மாற்ற வேண்டும்.

ஓசிஐ இருந்தால் இந்தியர் மாதிரிதானே?

பெயரில் 'குடியுரிமை' என்று இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. ஓட்டுப் போட முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. அரசு வேலைக்குப் பொதுவாக வழியில்லை.

விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தாத்தாவின் வாழைத் தோட்டமோ பனங்காடோ வாரிசாக வந்து சேரலாம். ஆனால், "நான் இருக்கும்போதே பேரன் பேருக்கு எழுதி வச்சிருதேன்" என்று தாத்தா தானமாக எழுத நினைத்தால் சிக்கல். விவசாய நிலத்தைத் தானமாகப் பெற, வெளிநாட்டுக் குடிமக்களுக்கான விதிகளில் இடமில்லை. பத்திரம் போடும் முன் விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கல்லூரி. 2021 மார்ச் 4-ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளை ஓசிஐ பிள்ளைகள் எழுதலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான இடங்களிலும் கூடுதல் இடங்களிலும் மட்டுமே சேர முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடங்கள் கிடைக்காது. இதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2021 மார்ச் 4-க்கு முன்பே ஓசிஐ அட்டை பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும், அதற்குப் பிறகு பெற்றவர்களுக்குப் புதிய விதி பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? ஒன்றாம் வகுப்பிலிருந்து சாயர்புரத்திலேயே படித்து, பக்கத்து வீட்டுப் பையனைவிட நீட்டில் கூடுதல் மார்க் எடுத்தாலும், அவனுக்குக் கிடைக்கும் இடம் இவனுக்குக் கிடைக்காமல் போகலாம். வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீட்டின் கட்டணமோ பல மடங்கு. பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது யாரும் நினைத்துப் பார்க்காத செலவு இது.

இங்கேயே நிரந்தரமாக வாழ்வது என்று முடிவெடுத்துவிட்டால் இன்னொரு வழி உண்டு. இந்தியக் குடிமக்களின் 18 வயது நிறையாத பிள்ளையைக் குடியுரிமைச் சட்டம் 5-வது பிரிவின் கீழ் இந்தியராகப் பதிய விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாக உள்துறைக்குப் போகும். வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டியிருக்கும். அவசரப்படாமல் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையை வைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு. அந்நாட்டுக் குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே வருமான வரிக் கணக்கு காட்டும் கடமை வரும். தூத்துக்குடியில் வேலை பார்த்தாலும்தான்.

பெற்றோரே குடியுரிமையை மாற்றியிருந்தால்?

இதற்கு ஒரு வழக்கையே பார்க்கலாம். இந்தியர்களாகப் பிறந்த ஒரு தம்பதி 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றனர். அப்போது அந்தப் பெண் கர்ப்பிணி. 1999 மார்ச்சில் மகன் பிறந்தான். 18 வயது நிறைந்ததும் 2017-ல், இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெற அவர் விண்ணப்பித்தார். பெற்றோர் குடியுரிமையைத் துறக்கும்போது அதை இழக்கும் பிள்ளை, வயது வந்த ஓர் ஆண்டுக்குள் மீண்டும் கேட்டுப் பெறலாம் என்று சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. தான் தாயின் வயிற்றில் இருந்தபோதே அந்த உரிமை தனக்கு வந்துவிட்டது என்பது அவரது வாதம். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

காரணம் நுட்பமானது. 'துறப்பது' வேறு, வேறு நாட்டுக் குடியுரிமையை வாங்கியதால் இந்தியக் குடியுரிமை 'தானாக அற்றுப்போவது' வேறு. அந்தப் பெற்றோருக்கு நடந்தது இரண்டாவது. 8-வது பிரிவு தரும் சலுகை முதல் வகைக்கு மட்டும்தான் என்றது நீதிமன்றம். வேறொரு பிரிவின் கீழ் இங்கே வந்து வசித்து விண்ணப்பிக்கும் வழி அவருக்கு இருக்கிறது. ஆனால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு தாளின் தொடர்ச்சியாகப் பிள்ளை ஏழு ஆண்டுகள் வழக்கு மன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் நடந்திருக்கிறார்.

தூதரகப் பதிவு விட்டுப்போச்சு; ஊருக்கும் வந்தாச்சு. வழி உண்டா?

பிறப்புப் பதிவுக்கு ஒரு வழி உண்டு. பலருக்கும் தெரியாதது. 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு, இந்தியாவில் குடியேறும் எண்ணத்துடன் திரும்பும் பெற்றோருக்காகவே எழுதப்பட்டது. வெளிநாட்டில் பிறந்து தூதரகத்தில் பதியாத பிள்ளை இந்தியா வந்து சேர்ந்த 60 நாட்களுக்குள், இங்கேயே பிறந்ததைப் போல உள்ளூர்ப் பதிவாளரிடம் பதியலாம். 60 நாள் தாண்டினால் காலதாமதப் பதிவுக்கான நடைமுறைகள் வரும்.

திருத்தப்பட்ட சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்று முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே அந்த 60 நாளைப் பயணக் களைப்பிலும் உறவினர் வீட்டு விருந்திலும் தொலைத்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது பிறப்பின் பதிவு. குடியுரிமைக் கேள்விக்கு 4-வது பிரிவின் வழியில்தான் பதில் தேட வேண்டும்.

பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளுமா?

சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள 'குழந்தை' என்றுதான் சொல்கிறது, 'குடிமகன்' என்று சொல்லவில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, மற்ற பிள்ளைகளோடு சமமாக வரத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

ஆதாருக்கு இரண்டு கணக்கு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். ஓசிஐ பிள்ளை என்றால், கடந்த 12 மாதத்தில் 182 நாட்கள் இங்கே தங்கியிருக்க வேண்டும்.

பெயரும் ஒரு தலைவலி. நமக்கு இன்ஷியல்தான் வழக்கம். அங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். அப்பா பெயரைக் கடைசியில் போட்டு ஒரு சான்றிதழ், இன்ஷியலோடு ஒன்று, எழுத்து மாறி இன்னொன்று என்று மூன்று பெயரில் பிள்ளை ஊர் வந்து சேரும். முதல் சான்றிதழில் எப்படியோ, அப்படியே எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வராதே, என்ன செய்வது?

தாள் வேலையைவிடக் கடினமானது இது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. அதன்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். நான்கு வயதில் வரும் பிள்ளை தெருவில் விளையாடியே பேசக் கற்றுக்கொள்ளும். பதினோரு வயதில் வரும் பிள்ளைக்கு இரண்டு தமிழை ஒரே நேரத்தில் கற்க வேண்டிய பாரம். பாடப் புத்தகம் 'வந்தார்கள்' என்கிறது. சின்னத்திரை 'வந்தாங்க' என்கிறது. ஆச்சியோ 'வந்தாவ' என்கிறாள். "ஏலே, இங்க வா" என்று தாத்தா ஆசையாகக் கூப்பிட்டால், திட்டுகிறார் என்று நினைத்து முகம் சுண்டிப்போகும்.

அங்கே இருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே அடிப்படையிலிருந்து படிப்படியாகத் தமிழ்ப் பாடங்கள் வைத்திருக்கிறது. தினமும் ஆச்சியோடு போனில் பேசும் பத்து நிமிடம் அதற்கு ஈடான பாடம். பள்ளியில் சேர்க்கும்போது, "பேசுவான், எழுதத் தெரியாது" என்று ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்தால் மார்க்கில் தெரிந்துவிடும். பிள்ளைக்குத்தான் அவமானம்.

தூத்துக்குடித் துறைமுகம் கண்ட இன்னொரு திரும்புதல்

ஊர் திரும்புதல் என்றால் இங்கே வருவது மட்டும்தானா? இங்கிருந்து போவதும் உண்டு. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் ஓடத் தொடங்கியது. நவம்பரோடு நின்றுபோனது. இடையில் அக்டோபரில், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த இலங்கை அகதிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு அந்தக் கப்பலில் நாடு திரும்பினர்.

இப்படித் திரும்புகிறவர்களுக்கு அவர்களின் தமிழ்நாட்டுப் பிள்ளைதான் 'வெளிநாட்டில் பிறந்த பிள்ளை'. இலங்கைச் சட்டமும் நம் சட்டத்தைப் போன்றதே. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓர் ஆண்டுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். அதற்கு முதல் தேவை தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால், இந்தியாவுக்கும் அந்தப் பிள்ளை அந்நியம், இலங்கையின் ஏட்டிலும் இல்லை. துபாயில் பதிய மறந்த அப்பாவுக்கும் முகாமில் சான்றிதழ் வாங்காமல் விட்ட அம்மாவுக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான்.

புறப்படும் முன் ஒரு சரிபார்ப்பு

* பிறந்த நாட்டின் பிறப்புச் சான்றிதழ், அங்கீகார முத்திரையோடு
* இந்தியப் பிள்ளை என்றால் தூதரகப் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் ஓசிஐ
* பிள்ளை பிறந்த தேதியில் பெற்றோர் வைத்திருந்த பாஸ்போர்ட்டின் நகல். பழையது என்று தூக்கிப் போடாதீர்கள்
* பள்ளிச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை
* எல்லாத் தாளிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து
* பதிவு விட்டுப்போயிருந்தால், வந்து இறங்கிய தேதியிலிருந்து 60 நாள் கணக்கு

இவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். மற்றதையெல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும். ஏசி இல்லாவிட்டாலும் பிள்ளை தூங்கிவிடும். 'ஏலே' என்பது ஆசை வார்த்தை என்பதும் ஒரு வாரத்தில் அதற்குப் புரிந்துவிடும்.